ஒரே மேசையில் இரண்டு புத்தகம்: ஓடிக்கொண்டிருக்கும் டி அண்ட் டி ஆட்டத்தைப் புது விதிக்கு மாற்றுவது

டி அண்ட் டி, அதாவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம். சண்டை நடுவில் கிளெரிக் (குருமார் வகைப் பாத்திரம்) ஆடுபவர் 'கியூர் வூண்ட்ஸ்' என்ற குணமாக்கும் மந்திரம் போடுகிறேன் என்கிறார். கையில் இருப்பது 2014 புத்தகம் என்றால் ஒரு டி8 (எட்டு முகப் பகடை) உருட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் திறந்து வைத்திருக்கும் 2024 புத்தகத்தில் அதே மந்திரத்துக்கு இரண்டு டி8. "அண்ணே, எதைப் பார்க்கிறது?" என்று ஆட்டத்தை நடத்தும் டிஎம்மைக் (டஞ்சன் மாஸ்டர்) கேட்பார்கள். டிஎம் ஏதோ ஒன்றைச் சொல்வார், அடுத்த வாரம் மறந்துவிட்டு மற்றதைச் சொல்வார். ஐந்தாறு வருடமாக ஓடும் ஆட்டத்தில் இது நாலு தடவை நடந்தால் போதும், மேசையில் நம்பிக்கை குறைந்துவிடும். இப்போது சிங்கப்பூரில் பழைய ஆட்டத்தைத் தொடரும் எந்தக் குழுவும் முதலில் தீர்க்க வேண்டிய விஷயம் இது.

1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ஆட்டம் இது. ஐந்தாம் பதிப்பு 2014ல் வந்தது. ஐம்பதாம் ஆண்டில் அதைத் திருத்தி, 2024 செப்டம்பரில் பிளேயர்ஸ் ஹேண்ட்புக், நவம்பரில் டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு, 2025 பிப்ரவரியில் மான்ஸ்டர் மேனுவல் என்று மூன்று புத்தகங்களை விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் கொண்டுவந்தது. ஒவ்வொன்றும் 384 பக்கம். ஆறாம் பதிப்பு என்று பெயர் வைக்கவில்லை. பழையதோடு சேர்ந்தே ஓடும் என்றார்கள். சாகசப் புத்தகங்களைப் பொறுத்தவரை அது சரி, பழைய சாகசத்தைப் புது விதியில் நடத்தலாம். ஆனால் பழைய விதிப் பாலடின் (மந்திரமும் தெரிந்த புனித வீரர்) ஒருவரும் புது விதிப் பாலடின் ஒருவரும் ஒரே குழுவில் நடந்தால் அது இரண்டு வேறு ஆட்டம்.

ஆகவே எங்கள் கருத்து இது. மாற்றுவதென்றால் எல்லோரும் ஒரே நாளில் மாறுங்கள். கதை ஒரு கட்டம் முடிந்து, குழு ஊர் திரும்பி, முழு ஓய்வு எடுத்த பிறகு மாறுங்கள். குகை நடுவில், பாதி ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) செலவான நிலையில் மாறினால் யார் எதை மிச்சம் வைத்திருந்தார் என்ற கணக்கே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். கடைசிச் சண்டைக்கு இன்னும் நாலைந்து அமர்வுதான் என்றால் மாறவே வேண்டாம், 2014லேயே முடித்துவிடுங்கள்.

மாறுவதற்கு முந்தைய அமர்வில் எல்லோருடைய பாத்திரத் தாளையும் பிடிஎஃப்பாக எடுத்து அச்சடித்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். டி அண்ட் டி பியாண்ட் என்ற அதிகாரபூர்வ இணையத்தளத்தில் வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம். 2024 ஆகஸ்டில், பழைய தாள்களில் உள்ள மந்திரங்களையும் மாயப் பொருட்களையும் புதிய பதிப்புக்குத் தானாக மாற்றிவிடப் போவதாக அந்தத் தளம் அறிவித்தது. ஆட்டக்காரர்கள் எதிர்த்த பிறகுதான் கைவிட்டது. தாள் நம் கையில் இருந்தால் இப்படிப்பட்ட முடிவுகள் நம் மேசையை அசைக்காது. இப்போது பழைய உள்ளடக்கத்துக்கு அங்கே 'லெகசி' என்ற குறி இருக்கிறது. மந்திரப் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை தெரிந்தால் அந்தக் குறியைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இனி ஒரு பாத்திரத்தை மாற்றும் வேலை. ஆளுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். மந்திரம் போடுபவர்களுக்கு ஒரு மணி நேரம்.

முதல் தடங்கல் பலம், உடல்வலிமை போன்ற திறன் எண்களில் வரும். 2014ல் இனம் கொடுத்த கூடுதல் புள்ளிகளை 2024ல் பின்னணி (பாத்திரத்தின் முந்தைய வாழ்க்கை) கொடுக்கிறது: ஒன்றுக்கு +2, இன்னொன்றுக்கு +1, அல்லது மூன்றுக்குத் தலா +1. ஹாஃப்-எல்ஃப் ஆடியவருக்குப் பழைய கணக்கில் மொத்தம் நாலு புள்ளி, சாதாரண ஹியூமனுக்கு ஆறு. புதிதாகக் கணக்குப் போட்டால் ஒருவருக்கு ஒன்று போகும், இன்னொருவருக்கு மூன்று போகும். வருடக்கணக்கில் ஆடிய பாத்திரத்தின் எண்ணைக் குறைப்பது வீண் மனக்கசப்பு. திறன் எண்களை அப்படியே விடுங்கள், தொடவே வேண்டாம். பின்னணியிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுங்கள், ஆரம்பத் திறமை எனப்படும் ஒரிஜின் ஃபீட். பழைய பின்னணிக்கு அது இல்லை என்றால் விருப்பமான ஒன்றை எடுக்கலாம் என்று புத்தகமே சொல்கிறது. 'டஃப்' எடுத்தால் லெவலுக்கு 2 உயிர்ப்புள்ளி, அதாவது லெவல் 5ல் 10. 'அலெர்ட்' எடுத்தால் இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முன், யார் பின் என்ற வரிசை) எண் கூடும், வரிசையைத் தோழரோடு மாற்றிக்கொள்ளவும் முடியும். பெரும்பாலோருக்கு இந்த இரண்டில் ஒன்று ஒத்துப்போகும்.

இரண்டாவது தடங்கல், 'என்னுடைய ஆளைப் பலவீனமாக்கிவிட்டார்கள்' என்ற வருத்தம். இதைச் சமாதானப் பேச்சால் தீர்க்க முடியாது, எண்ணைக் காட்ட வேண்டும். பெரிய வாள் வைத்திருக்கும் லெவல் 5 ஃபைட்டரை எடுத்துக்கொள்வோம். பலம் 18 (அதற்கு +4), தாக்குதலுக்கு இருபது முகப் பகடையான டி20யோடு +7. எதிரியின் கவச எண், அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், 15. பழைய 'கிரேட் வெப்பன் மாஸ்டர்' ஃபீட் படி தாக்குதலில் 5 குறைத்து சேதத்தில் 10 கூட்டலாம். அப்படிச் செய்தால் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், நூற்றுக்கு 40 வாய்ப்பு. பட்டால் சராசரி 21. ஓர் அடியின் மதிப்பு 8.4. புது விதியில் அந்தக் கழித்தல் கூட்டல் இல்லை, சேதத்தில் தேர்ச்சி எண்ணான 3 சேரும். 8 விழுந்தால் போதும், வாய்ப்பு 65. பட்டால் சராசரி 14, மதிப்பு 9.1. கூடவே பெரிய வாளுக்கு இப்போது 'கிரேஸ்' என்ற ஆயுதத் தேர்ச்சி உண்டு. குறி தவறினாலும் பலத்தின் 4 சேதம் போகும், அதன் பங்கு 1.4. ஆக 10.5. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி ஃபைட்டர் முன்னால் வைத்தால் அவரே புதுப் புத்தகத்தைத் திறந்துவிடுவார்.

பாலடினுக்கு இப்படிக் காட்ட முடியாது, அங்கே குறைப்பு உண்மையானது. பழைய விதியில் லெவல் 5 பாலடின் இரண்டு அடியும் பட்டால் இரண்டிலும் டிவைன் ஸ்மைட் (ஸ்லாட் செலவழித்துக் கூட்டும் சேதம்) சேர்க்கலாம், முதல் நிலை ஸ்லாட்டிலேயே சராசரி 18 கூடுதல் சேதம். புதிதில் ஸ்மைட் ஒரு மந்திரம், அதற்கு போனஸ் ஆக்‌ஷன் வேண்டும் (அது தன் முறை வரும்போது ஒன்றே செய்யக்கூடிய கூடுதல் செயல்), ஆகவே ஒரு முறைக்கு ஒன்றுதான். மந்திரம் என்பதால் 'கவுன்டர்ஸ்பெல்'லால் தடுக்கவும் முடியும். பதிலுக்கு முழு ஓய்வுக்கு ஒருமுறை ஸ்லாட் இல்லாமல் இலவசமாகப் போடலாம், கை வைத்துக் குணமாக்குவது போனஸ் ஆக்‌ஷனாகிவிட்டது. இதைப் பாலடின் ஆடுபவரிடம் தனியாக, மாற்றும் நாளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மேசையில் எல்லோர் முன்னாலும் அவர் கண்டுபிடிக்கும்படி விடக்கூடாது.

போனஸ் ஆக்‌ஷன் பற்றி இன்னும் ஒன்று. 2024ல் அதற்குப் போட்டி கூடிவிட்டது. ஸ்மைட், குணமாக்கும் கை, மருந்து குடிப்பது, 'ஹீலிங் வேர்ட்' எல்லாம் அந்த ஒரே இடத்துக்கு வருகின்றன. பழைய பழக்கத்தில் ஆடுபவர்கள் இரண்டைச் சேர்த்துச் செய்துவிடுவார்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஓர் ஐம்பது காசு நாணயம் வையுங்கள். போனஸ் ஆக்‌ஷன் எடுத்தால் நாணயத்தை மேசை நடுவில் தள்ள வேண்டும், அடுத்த முறை வரும்போது திரும்ப எடுக்கலாம். மூன்று அமர்வில் பழகிவிடும், அதற்குப் பிறகு நாணயம் தேவைப்படாது.

ஆயுதத் தேர்ச்சியில் 'டாப்பிள்' மட்டும் ஆட்டத்தை மெதுவாக்கும். பட்ட ஒவ்வோர் அடிக்கும் எதிரி உடல்வலிமைக்கு ஒரு சேவ் (தப்பிக்கும் உருட்டல்) உருட்ட வேண்டும், தவறினால் விழுவான். இரண்டு அடி அடிப்பவர் ஒரு முறையில் இரண்டு கூடுதல் உருட்டலைக் கேட்பார். அவர் தன் எண்ணைத் தானே சொல்லட்டும். 8, பலம், தேர்ச்சி சேர்த்து, மேலே சொன்ன ஃபைட்டருக்கு 15. டிஎம் அன்றைய எதிரிகளின் உடல்வலிமைச் சேவ் எண்ணைச் சண்டை தொடங்கும் முன்பே துண்டுத்தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். "பதினஞ்சுக்கு" என்று சொன்னதும் உருட்டி முடித்துவிடலாம்.

மற்ற மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். களைப்பு ஒவ்வொரு நிலைக்கும் டி20 உருட்டல்களில் 2 குறைக்கும், வேகத்தில் 5 அடி குறைக்கும், ஆறாம் நிலையில் மரணம். திடீர்த் தாக்குதலுக்கு ஆளானவர் முதல் சுற்றை இழப்பதில்லை, இனிஷியேட்டிவில் பாதகத்தோடு (இரண்டு டி20ல் குறைந்ததை எடுத்து) உருட்டுகிறார். ஒளிந்துகொள்ள உருட்டலில் 15 எட்ட வேண்டும். முழு ஓய்வில் ஹிட் டைஸ் (உயிர்ப்புள்ளி மீட்க உருட்டும் பகடைகள்) பாதி அல்ல, எல்லாமே திரும்பும். 'கான்ஜர் அனிமல்ஸ்' போட்டு எட்டு ஓநாய்களை வரிசையாக ஓட்டும் வழக்கம் போய்விட்டது, அது இப்போது நகரும் ஒரே கூட்டம். அதைப் போடும் டிரூயிடுக்கு (இயற்கை மந்திரவாதி) வருத்தம் இருக்கலாம், மற்ற நால்வருக்கும் பெரிய நிம்மதி. கோப்லின்கள் இப்போது மனித வகையில் இல்லை, ஃபே (மாய உயிர்) வகை. அதனால் மனித வகையை மட்டும் அசையாமல் நிறுத்தும் 'ஹோல்ட் பெர்சன்' மந்திரம் அவற்றிடம் பலிக்காது. பழைய சாகசத்தில் கோப்லின் கூட்டம் வரும் இடத்தில் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் விசர்ட் ஒரு ஸ்லாட்டை வீணாக்குவார்.

டிஎம்முக்கு உண்மையான ஆபத்து சண்டை அளவில்தான் இருக்கிறது. 2014 கணக்கில் எதிரிகளை வீழ்த்தினால் கிடைக்கும் அனுபவப் புள்ளியான எக்ஸ்பியைக் கூட்டி, எண்ணிக்கைக்கு ஏற்றபடி பெருக்குவோம். 3 முதல் 6 எதிரி என்றால் இரண்டால், 7 முதல் 10 என்றால் இரண்டரையால். 2024ல் அந்தப் பெருக்கல் போய்விட்டது. ஆனால் லெவல் 5 ஆளுக்கான எல்லைகள் கிட்டத்தட்ட பழையவையே: லோ (எளிது) 500, மாடரேட் (நடுத்தரம்) 750, ஹை (கடினம்) 1100.

இதன் விளைவைப் பாருங்கள். லெவல் 5ல் ஐந்து பேர், எதிரே ஓகர்கள் (மூர்க்க ராட்சதர்கள்), ஓர் ஓகருக்கு 450 எக்ஸ்பி. பழைய கணக்கில் நாலு ஓகர் 1800, இரண்டால் பெருக்கினால் 3600, பழைய 'ஹார்ட்' (கடினம்) எல்லைக்குச் சற்றுக் கீழே. புதிய கணக்கில் 1800 என்பது லோவின் 2500ஐக்கூட எட்டவில்லை. மாடரேட்டின் 3750 வரை நிரப்பினால் எட்டு ஓகர் வந்துவிடும். அந்த எட்டைப் பழைய கணக்கில் போட்டால் 9000, டெட்லி (உயிராபத்து) எல்லையான 5500ஐத் தாண்டி எங்கோ நிற்கும். ஓகரின் தடி சராசரி 13 சேதம், தாக்குதலுக்கு +6. கவச எண் 16 என்றால் பாதிக்கு மேல் படும். எட்டும் அடித்தால் ஒரு சுற்றில் ஏறக்குறைய 57. முன்னால் நிற்கும் லெவல் 5 ஃபைட்டருக்கு உடல்வலிமை 14 என்றால் உயிர்ப்புள்ளி 44. எல்லா ஓகரும் அவரையே சூழ்ந்தால் முதல் சுற்றிலேயே கீழே கிடப்பார்.

கணக்கு தவறு என்று சொல்ல வரவில்லை. ஆளுக்கு இரண்டு எதிரிக்கு மேல் வைத்தால் சீக்கிரம் சாயும் எதிரிகளையும் கலந்து வையுங்கள் என்று புது கைடு எச்சரிக்கிறது. நம் அனுபவத்தில் அந்த எச்சரிக்கை ஆளுக்கு ஒன்றுக்கு மேல் போனாலே பொருந்தும். எக்ஸ்பி அளவை மாற்றாமல் இரண்டு அலையாகப் பிரியுங்கள். நாலு ஓகர் முன்னால், மூன்றாம் சுற்றில் இன்னும் நாலு. நேரமும் மிச்சமாகும். ஓகருக்கு ஒரு நிமிடம், ஆட்டக்காரருக்கு இரண்டு நிமிடம் என்றால் எட்டு ஓகரோடு ஒரு சுற்று 18 நிமிடம். நாலு சுற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். மூன்று மணி நேர அமர்வில் அது மிக அதிகம். புது மான்ஸ்டர் மேனுவலில் ஒவ்வோர் எதிரிக்கும் இனிஷியேட்டிவுக்கு நிலையான எண் அச்சிட்டிருக்கிறார்கள். உருட்டாமல் அதையே எடுத்தால் இன்னும் சில நிமிடம் லாபம்.

விதிகளை விட்டு மேசைக்கு வருவோம். தமிழில் ஆட்டம் நடத்தும் டிஎம்முக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தராத ஒரு வேலை இருக்கிறது. "பாலத்துல ஒரு ஓகர் நிக்குது" என்று சொன்னால் ஆட்டக்காரர்கள் வாளை எடுப்பார்கள். "நிக்கிறான்" என்று சொன்னால் யாராவது ஒருவர் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார். "நிக்கிறாரு" என்றால் அவருக்குப் பின்னால் ஒரு அரசு இருக்கிறது என்று புரிந்துகொள்வார்கள். வினைமுற்று ஒன்றே காட்சியை முடிவு செய்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு துணைப் பாத்திரத்துக்கும் குறிப்பேட்டில் பெயரோடு அது, அவன், அவள், அவர் என்பதையும், அவர் குழுவை நீ என்கிறாரா நீங்கள் என்கிறாரா என்பதையும் எழுதி வையுங்கள். வருடக்கணக்கில் ஓடும் ஆட்டத்தில் இதை மறந்து மாற்றிச் சொன்னால் ஆட்டக்காரர்கள் அதை ஒரு துப்பு என்று நினைத்து இரண்டு அமர்வு துரத்துவார்கள். வேண்டுமென்றே மாற்றினால் அதைவிட நல்ல கருவி கிடையாது. இதுவரை "வாங்க, உட்காருங்க" என்ற வணிகர் ஒருநாள் "என்ன வேணும் உனக்கு?" என்றால் விளக்கமே வேண்டாம்.

முகமூடி போட்டவர், உருமாறிய டிராகன் போன்றவர்களுக்கு இது பெரும் தொல்லை, ஆணா பெண்ணா மிருகமா என்பதை வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். வழி ஒன்று உண்டு. எழுவாயாக ஆளை வைக்காமல் பொருளை வையுங்கள். "ஒரு கை கதவைத் தள்ளுது", "குரல் ஒண்ணு கேக்குது", "அந்த அங்கி மாடிப்படி ஏறுது". யாரும் குறை காண முடியாது.

விதிச் சொற்களில் எதைத் தமிழாக்குவது? அட்வான்டேஜுக்குச் சாதகம், டிஸ்அட்வான்டேஜுக்குப் பாதகம். இந்த ஜோடி நாக்கில் தானாக வருகிறது. சிறு ஓய்வு, முழு ஓய்வு, கவச எண், உருட்டு, இவையும் நிற்கும். சேவ், ஸ்லாட், போனஸ் ஆக்‌ஷன், மந்திரங்களின் பெயர்கள் ஆகியவற்றை அப்படியே விடுங்கள். சண்டை நடுவில் மொழிபெயர்ப்பை யோசித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை.

இடமும் நேரமும். வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ஆடுபவர்கள் இரவு 10.30க்குப் பிறகு பகடைச் சத்தத்தைக் கவனிக்க வேண்டும். உலோகப் பகடை ஒன்று தரை ஓட்டில் விழுந்தால் கீழ்வீட்டுக்காரருக்குக் கோலிக்குண்டு உருண்டது போலக் கேட்கும். பிஸ்கட் டின் மூடியில் பழைய வெல்வெட் துணியை ஒட்டி ஆளுக்கு ஒன்று கொடுங்கள், பகடை அதற்குள்தான் விழ வேண்டும். சனிக்கிழமை மதியம் இரண்டு முதல் ஆறு வரை வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினையும் இல்லை, கடைசி எம்ஆர்டி கவலையும் இல்லை. வீட்டில் தொடக்கநிலை 6 பிள்ளை இருந்தால் தேர்வுக் காலமான செப்டம்பர், அக்டோபரில் சமூக மன்ற அறையை மக்கள் கழகத்தின் ஒன்பிஏ தளம் வழி முன்பதிவு செய்துகொள்வது நல்லது. முறுக்கும் பரோட்டாவும் இடைவேளையில் மட்டும், எண்ணெய் விரல் பட்ட தாளில் பென்சில் ஏறாது. புரட்டாசிச் சனிக்கு யார் யார் சைவம் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

ரிசர்விஸ்ட் (தேசிய சேவைப் பயிற்சி) அழைப்பு வந்தால் ஆட்டத்தை ஒத்திவைக்க வேண்டாம். ஐவரில் மூவர் வந்தால் ஆட்டம் உண்டு என்று முதலிலேயே பேசி வையுங்கள். வராதவரின் பாத்திரம் ஊரில் தங்கிவிட்டது, அவ்வளவுதான். அவருக்காக இன்னொருவர் உருட்டினால் சாவு வந்துவிடும்போது யார் பொறுப்பு என்ற கேள்வி வரும். புத்தகங்களுக்கு நம் ஊர் ஈரப்பதம் எதிரி. மூடிய அலமாரியில் வைத்தால் ஓரங்களில் பூஞ்சை படியும், அட்டைத் துண்டுகள் வளையும். மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கடைசியாக, எல்லோரும் மூன்று புத்தகமும் வாங்க வேண்டியதில்லை. ஆட்டத்தின் அடிப்படை விதிகள் எஸ்ஆர்டி 5.2 என்ற ஆவணமாக 2025 ஏப்ரலில் கிரியேட்டிவ் காமன்ஸ் 'பை' (BY) 4.0 உரிமத்தில் வெளிவந்தன. 2023 ஜனவரியில் விசர்ட்ஸ் நிறுவனத்தார் உரிமத்தை மாற்றப் பார்த்து, பெரும் எதிர்ப்புக்குப் பிறகு முந்தைய 5.1ஐ இதே உரிமத்தில் விட்டார்கள். அதன் தொடர்ச்சிதான் இது, திரும்பப் பெற முடியாத அனுமதி. அதில் பன்னிரண்டு வகுப்பும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் உட்பிரிவு மட்டும். பின்னணி நாலு, இனம் ஒன்பது. டிஎம்மிடம் முழுத் தொகுதி இருந்து, மற்றவர்களிடம் இது இருந்தால் மேசை ஓடும்.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. மூலத்தைக் குறிப்பிடும் வரியைச் சேர்த்தால் இந்த ஆவணத்தை யாரும் தமிழாக்கிப் பகிரலாம், விற்கவும் செய்யலாம். டி அண்ட் டியின் வணிகச் சின்னத்தை மட்டும் அட்டையில் போடக்கூடாது, ஐந்தாம் பதிப்புக்கு ஏற்றது என்று எழுதலாம். 300க்கு மேற்பட்ட பக்கத்தையும் ஒரே மூச்சில் மொழிபெயர்க்கக் கிளம்ப வேண்டாம். மேசைக்கு உடனே தேவைப்படுவது இரண்டு பக்கம்: நிலைகளின் பட்டியல், அதாவது விழுந்து கிடப்பது, பிடிபடுவது, செயலிழப்பது போன்றவை, ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று இரண்டு வரியில். மறுபக்கத்தில் ஒரு முறையில் செய்யக்கூடிய செயல்கள். ஏ4 தாளில் இருபுறமும் அச்சடித்து, லேமினேட் செய்து, ஆளுக்கு ஒன்று. அடியில் மூலக் குறிப்பு வரியைப் போட மறக்க வேண்டாம்.